விதைக்கிழங்கு உறங்கும் இடம்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தை பிறக்கும்போது இந்த ஊர்க் கடைவீதியில் கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் கொத்துக்கும் பக்கத்தில் சேனையும் சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் குவிந்து கிடக்கும். பொங்கல் படையலுக்கு அவை ஏன் அந்த நாளில் தவறாமல் வந்து சேர்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. மழையில் தழைத்து, பகல் குறுகும் மாதங்களில் திரண்டு, தையில் வெட்டுக்கு வருவது அவற்றின் இயல்பு. நாம் இருப்பது ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. உறைபனி என்பது இந்த ஊருக்குத் தெரியாத சங்கதி. இப்படிப்பட்ட சொகுசில் பழகிய கிழங்குகளைப் பனி விழும் நாடுகளில் விளைவிக்க முடியுமா என்பதுதான் இன்றைய பொருள். முடியும், பல நூற்றாண்டுகளாக விளைவித்தும் வருகிறார்கள். எப்படி முடிந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை. அவர்கள் வயலில் செய்த வித்தையைவிட, வயல் வெறுமையாகக் கிடந்த மாதங்களில் செய்த வித்தையே பெரிது என்று நான் கருதுகிறேன். ஒரு கிழங்குப் பயிர் எதுவரை பரவும் என்பதை அதன் விதை எதுவரை உயிரோடு காக்கப்படும் என்பதே முடிவு செய்கிறது. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு ஜப்பானின் பனியைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று தோன்றலாம். நம்முடைய மரவள்ளி விவசாயியின் இன்றைய தொல்லையும் இதே இடத்தில்தான் முளைக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. இந்த மாவட்டத்தின் பெரும்பயிர் மணிலா. அடுத்த பட்டத்துக்கான விதை மணிலாவை ஓடு உடைக்காமல் காயவைத்து மூட்டையில் கட்டிவைத்தால் விதைக்கும் நாள்வரை அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விதைநெல்லும் அப்படித்தான், ஈரம் 12, 13 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் பூச்சியும் எலியும் தவிர அதற்குப் பகை இல்லை. உலர்ந்த வித்து உயிரை ஒடுக்கி வைத்துக்கொண்டு வெயிலையும் குளிரையும் தாண்டிவிடும். கிழங்குக்கு அந்த வரம் கிடையாது. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ தண்ணீர். வெட்டி எடுத்த பிறகும் அது மூச்சு விடுகிறது, வியர்க்கிறது, காயம் பட்டால் தோல் கட்டுகிறது, சூடு கூடினால் முளைக்கிறது, குளிர் கூடினால் உள்ளே கருத்து அழுகுகிறது. சர்க்கரைவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 13-க்கும் 15-க்கும் இடைப்பட்ட டிகிரி செல்சியஸில் அது மாதக்கணக்கில் கிடக்கும். 10 டிகிரிக்குக் கீழே சில நாள் போனால் கெட்டுவிடும். ஆக, விதைக்கிழங்கைப் பராமரிப்பது கன்றுக்குட்டியைப் பராமரிப்பது போன்ற வேலை. மூட்டை கட்டி மூலையில் போட முடியாது. நம் மண்ணில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரிவதில்லை, ஏனென்றால் நாம் சர்க்கரைவள்ளிக்குக் கிழங்கையே விதையாக வைப்பது குறைவு. நிற்கும் பயிரிலிருந்து கொடி வெட்டி அடுத்த வயலில் நடுகிறோம். எங்கோ ஒரு வாய்க்கால் ஓரத்தில் ஆண்டு முழுவதும் பச்சைக்கொடி இருந்துகொண்டே இருக்கும். பனி விழும் ஊரில் அந்தப் பச்சைக்கொடி ஒரே இரவில் கருகிவிடும்.

இதை அனுபவத்தில் கண்டு எழுதிவைத்தவர் லண்டனில் இருந்த ஜான் ஜெரார்டு. 1597-இல் வெளிவந்த தம் மூலிகை நூலில், லண்டன் கடைத்தொகுதியில் வாங்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைத் தம் தோட்டத்தில் நட்டதைச் சொல்கிறார். கோடையில் அவை நன்றாகவே தழைத்தன. குளிர்காலம் வந்ததும் அழுகி மடிந்தன. இங்கிலாந்தின் கோடை அந்தக் கொடியைத் தழைக்கவிட்டது என்பதைக் கவனியுங்கள். பயிரை ஏற்கமாட்டேன் என்று அந்த மண் சொல்லவில்லை. அடுத்த வசந்தத்துக்கு ஒரு கிழங்கை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க அவருக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். ஐரோப்பாவுக்கு உருளைக்கிழங்குக்கு முன்பே சர்க்கரைவள்ளி வந்துவிட்டது. ஆனாலும் வட ஐரோப்பாவின் சாப்பாட்டை மாற்றியது பின்னால் வந்த உருளை. காரணங்களில் முக்கியமான ஒன்று நிலவறை. ஐரோப்பியக் குடியானவனின் வீட்டுக்குக் கீழே இருந்த குளிர்ந்த இருட்டறை, சில டிகிரி குளிரில் நிம்மதியாக உறங்கும் உருளைக்குத் தானாகவே பொருந்தியது. அதே அறை சர்க்கரைவள்ளிக்குச் சவக்குழி.

ஜெரார்டுக்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, இதே கிழங்கை வைத்துக்கொண்டு அவரால் முடியாததைச் செய்து முடித்தவர்கள் நியூசிலாந்தின் மாவோரிகள். பசிபிக்கின் வெப்பத் தீவுகளிலிருந்து படகுகளில் வந்த அவர்களுடைய முன்னோர், 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே குடியேறினார்கள். கொண்டுவந்த தென்னை அங்கே எடுபடவில்லை, வாழையும் எடுபடவில்லை. சேப்பங்கிழங்கும் பெருவள்ளியும் வெதுவெதுப்பான வடக்கு ஓரங்களில் ஒதுங்கிக்கொண்டன. அவர்கள் கூமரா என்று அழைக்கும் சர்க்கரைவள்ளி மட்டும் தெற்குத் தீவின் பேங்க்ஸ் தீபகற்பம் வரை, அதாவது ஏறத்தாழ 43, 44 டிகிரி தென் அட்சம் வரை, நிலையான வேளாண்மையாகச் சென்றது. எப்படி? வயலில் அவர்கள் செய்த வேலை குறைவானதன்று. பக்கத்துக் குழிகளிலிருந்து மணலையும் சரளையையும் தோண்டிச் சுமந்து வந்து மண்ணில் கலந்தார்கள். மண் சீக்கிரம் சூடேறவும் நீர் வடியவும் அது உதவியது. அந்தக் குழிகளை வைகாட்டோ ஆற்றங்கரையில் இன்றும் காணலாம். ஆனால் தீர்மானமான வேலை வேறொன்று. நிலத்தில் செவ்வகமாகக் குழி வெட்டி, அதன்மேல் சரிவான கூரை வேய்ந்து, மண் அணைத்து, நீர் வடிய உள்ளே வாய்க்கால் விட்டு, சிறு வாசலை இறுக அடைத்துக் கிழங்கைப் பாதுகாத்தார்கள். ரூஆ என்று பெயர். காயம்பட்ட கிழங்கு ஒன்றுகூட உள்ளே போகாதபடி பொறுக்கி அடுக்கினார்கள். வசந்தத்தில் அந்தக் கிழங்குகளை நாற்றங்காலில் பதித்து, முளைத்த தளிரைப் பிரித்து நட்டார்கள். வெப்பத் தீவுகளில் கொடியால் பெருகிய, ஆண்டு முழுவதும் நிற்கும் பயிர், இங்கே கிழங்கால் பெருகும் ஓராண்டுப் பயிராக மாறிவிட்டது. சர்க்கரைவள்ளியும் ஓசியானியாவும் பற்றி 1974-இல் விரிவான நூல் எழுதிய டக்ளஸ் யென் இந்த மாற்றத்துக்குப் பெரும் முக்கியத்துவம் தருகிறார். செடியின் இயல்பு பெரிதாக மாறவில்லை. பனி பட்டால் அன்றும் மடிந்தது, இன்றும் மடியும். அதைச் சுற்றி இருந்த மனிதர்களின் ஆண்டுக்கணக்கு மாறியது.

கிழக்காசியாவிலும் கதை இதே தடத்தில்தான் போகிறது. சீனாவின் ஃபூஜியன் கரைக்கு 1590-களில் லூசோனிலிருந்து சர்க்கரைவள்ளி வந்தது. வெப்பமான அந்தக் கரையில் அது பிடித்துக்கொண்டதில் அதிசயம் இல்லை. அதை வடக்கே ஷாங்காய்ப் பக்கம் கொண்டுவர முயன்றவர் மிங் அரசின் அறிஞர் ஷூ குவாங்சி. 1608-இல் இந்தப் பயிரைப் பற்றி ஒரு தனிக் குறிப்பே எழுதினார். அவருடைய பெரிய வேளாண் நூல் அவர் மறைவுக்குப் பின் 1639-இல் அச்சானது. அதில் சர்க்கரைவள்ளிப் பகுதியைப் பார்த்தால், குளிர்காலத்தில் விதையைக் காப்பது எப்படி என்பது அவரை எவ்வளவு வாட்டியது என்பது தெரியும். ஜப்பானில் 1732-இல் பெரும் பஞ்சம் வந்தபின், 1735-இல் அவோகி கோன்யோ என்ற அறிஞர் எடோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) கோயிஷிகாவா தோட்டத்தில் சர்க்கரைவள்ளியை அரசின் ஆணையோடு சோதித்துப் பரப்பினார். கொரியாவுக்கு 1763-இல் ஜப்பான் சென்ற தூதர் சோ ஓம் என்பவர் சுஷிமா தீவிலிருந்து விதைக்கிழங்கை அனுப்பினார். எழுபது ஆண்டு கழித்து, 1834-இல், ஜொல்லா மாகாண ஆளுநராக இருந்த சோ யூகு, மக்களுக்கு விதைக்கிழங்கு கொடுத்து, வளர்க்கும் முறையை விளக்கி ஒரு கையேடும் எழுத வேண்டியிருந்தது. தென்கரையிலும் ஜேஜு தீவிலும் நிலைத்த பயிர் வடக்கே ஏறத் தயங்கியது. நல்ல மண்ணும் போதுமான கோடையும் இருந்த நாட்டில் ஏன் இத்தனை தயக்கம்? ஒரு கடுங்குளிர் ஆண்டில் விதைக்கிழங்கு அழுகிவிட்டால் அந்த ஊரில் பயிர் அடியோடு அற்றுப்போகும். மறுபடி தெற்கேயிருந்துதான் வர வேண்டும். உலர்ந்த வித்துள்ள பயிருக்கு இப்படி ஒரே இரவில் வம்சம் அறுந்துபோகும் ஆபத்து இல்லை.

நம் சேனைக்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் ஜப்பானில் இருக்கிறான். கொன்யாக்கு என்பது பெயர். அதே பேரினம், அதே குடை போன்ற ஒற்றை இலை, அதே அரிப்பு. டோக்கியோவுக்கு வடமேற்கே, 36 டிகிரி வட அட்சத்தில், மலைகள் சூழ்ந்த குன்மா மாவட்டம் அந்த நாட்டுக் கொன்யாக்கு விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கைத் தருகிறது. நாம் சேனையை ஒரே ஆண்டில் எட்டு ஒன்பது மாதத்தில் வெட்டிவிடுகிறோம். அவர்களுக்குக் கோடை அவ்வளவு நீளமில்லை. எனவே வசந்தத்தில் சிறு கிழங்கை நடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் உறைபனிக்கு முன் தோண்டி, உலர்த்தி, வெதுவெதுப்பான கிடங்கில் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து, அடுத்த வசந்தத்தில் மறுபடி நடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படி ஏற்றி இறக்கிய பிறகே கிழங்கு ஆலைக்குப் போகிறது. ஒரு பயிரின் வாழ்நாளில் பாதி கிடங்கில் கழிகிறது! இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நீண்ட கோடை இல்லாத இடத்தில் மூன்று குறுங்கோடைகளைக் கிடங்கு ஒன்றாகத் தைத்துக் கொடுக்கிறது. சேப்பங்கிழங்கும் அப்படியே. பனி கொட்டும் வட ஜப்பானில், 38 டிகிரியில் இருக்கும் யாமகாட்டா நகரத்தில், ஆண்டுதோறும் செப்டம்பரில் ஆற்றங்கரையில் ஆறு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள கொப்பரையில் சேப்பங்கிழங்குக் குழம்பு கொதிக்கிறது. நம் ஊரில் கார்த்திகை தீபக் கொப்பரையைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு பிடிபடும். அங்கே விளைவது பெரும்பாலும் மும்மடிய குரோமோசோம் கொண்ட, குளிரைச் சற்றுத் தாங்கும் ரகங்கள். ரகம் உதவியது உண்மை. ஆனாலும் அடுத்த ஆண்டின் விதை நிலத்துக்குள் குழியில் மண்மூடிக் கிடந்தாக வேண்டும்.

மரவள்ளிக்கு வருவோம். அதற்குக் கிழங்கு விதையே இல்லை, தண்டுதான் விதை. ஆகவே குளிர்நாட்டில் இக்கட்டு இரட்டிப்பு. கிழங்கை மண்ணாவது மூடிக் காக்கும். தண்டு வெளியே நிற்கிறது. பிரேசிலின் தெற்கு முனையான ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில் உறைபனி விழும். அங்கே உழவர்கள் முதல் உறைபனிக்கு முன் தண்டுகளை வெட்டிக் கட்டாகக் கட்டி, மரநிழலிலோ பள்ளத்திலோ வைத்து வைக்கோலும் மண்ணும் மூடி வசந்தம்வரை காக்கிறார்கள். தென்சீனத்தின் குவாங்ஷியிலும் இதே வழக்கம். அந்த மூடாக்கு சரியாக இல்லாத ஆண்டில் வயல் காலி. மரவள்ளி 30 டிகிரி அட்சங்களைத் தாண்டிப் பெரிதாகப் போகாமல் நின்றதற்குக் கோடையின் நீளம் ஒரு காரணம், தண்டைக் காப்பதில் உள்ள அருமை இன்னொரு காரணம். கனடாவின் ஒன்டாரியோவில் வேறொரு விடை கண்டார்கள். அங்கே நார்ஃபோக் பகுதியில் புகையிலை விளைந்த மணற்பாங்கான நிலங்கள் பல இப்போது சர்க்கரைவள்ளிக்கு மாறியிருக்கின்றன. ஆனால் நடவுக்கான நாற்றுக்கொடி நெடுங்காலம் அமெரிக்காவின் வடகரோலினா போன்ற தென்மாநிலங்களிலிருந்து வந்தது. கிடங்கைத் தங்கள் நாட்டில் கட்டாமல் தெற்கே வைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். கொடி தாமதமாக வந்து சேர்ந்தால் ஏற்கெனவே குறுகிய கோடையில் இன்னும் சில வாரம் போய்விடும். அதனால்தான் உள்ளூரிலேயே நாற்று எடுக்க ஒன்டாரியோவின் வைன்லேண்ட் ஆராய்ச்சி மையம் முனைந்தது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு வலுவானது. பயிர்ப் பெருக்க விஞ்ஞானம் படித்தவர்கள் உடனே சொல்வார்கள். குளிர்நாட்டுக்குக் கிழங்கு போனதற்குக் காரணம் கிடங்கு அல்ல, செடியே மாறியதுதான்; உருளையைப் பார் என்பார்கள். பார்க்கலாம். உருளையின் தாயகம் ஆண்டீஸ் மலை. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்தாலும் உயரத்தில் இருப்பதால் குளிர் அதற்குப் பழக்கம். பழக்கமில்லாதது ஐரோப்பாவின் கோடைப் பகல். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். பன்னிரண்டு மணிப் பகலில் கிழங்கு வைக்கப் பழகிய செடி, அங்கே செப்டம்பர் கடைசிவரை இலையாகவே விட்டுக்கொண்டிருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்பெயினுக்கு வந்த பயிர், ஐரோப்பா முழுவதற்கும் உணவாக ஏறத்தாழ இரு நூற்றாண்டு ஆனதற்கு இதுவும் காரணம். நீண்ட பகலிலும் கிழங்கு வைக்கும் செடிகள் மெல்ல மெல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டன. தென் சிலியின் நீண்ட பகல் ரகங்களும் வந்து கலந்தன. இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் மரபணுவை 2013-இல் அடையாளம் கண்டார்கள். ஆக, செடி மாறியது என்பதை முழுக்க ஏற்கிறேன். ஆனால் உருளையின் உதாரணம் என் வாதத்தைத் தளர்த்தவில்லை. அதற்கு விதைக்கிடங்கு முதல் நாளிலிருந்தே தயாராக இருந்தது. ஒவ்வொரு குளிர்காலத்தையும் தாண்டி விதைக்கிழங்கு வந்துகொண்டே இருந்ததால்தான் இரு நூற்றாண்டு தேர்வு நடக்க முடிந்தது. ஜெரார்டின் சர்க்கரைவள்ளி முதல் குளிரிலேயே போய்விட்டது. செத்த பயிரில் தேர்வு நடக்காது.

இரண்டாவது, குளிரைத் தாங்கும் இனங்களே இருக்கின்றனவே, அவற்றை வளர்த்தால் போதாதா என்பது. வள்ளிக்கிழங்கு இனத்தில் சீன வள்ளி என்று ஒன்று உண்டு. ஜப்பானின் வடகோடியில் அவோமோரியிலும் ஹொக்கைடோவிலும் அது பெருவிளைச்சல். 1845-இல் கருகல் நோயால் உருளை அழிந்த பிறகு, பிரான்சு இந்த வள்ளியை ஷாங்காயிலிருந்து வரவழைத்து உருளைக்கு மாற்றாக்கப் பார்த்தது. குளிரைத் தாங்கியது, மண்ணிலேயே கிடந்து முளைத்தது, எல்லாம் சரி. ஆனால் அதன் கிழங்கு ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. கூலி கொடுத்துத் தோண்டி மாளவில்லை, விட்டுவிட்டார்கள். ஜப்பானியர் நடுவதற்கு முன்பே இயந்திரத்தால் ஆழப் பள்ளம் கிளறி வைக்கிறார்கள். குளிரைத் தாங்குவது மட்டும் ஒரு பயிரை வாழவைக்காது என்பதற்கு இது போதும்.

மூன்றாவது மறுப்பைப் பப்புவா நியூகினியின் எங்கா மலைகளிலிருந்து எடுத்து வருவார்கள். அங்கே 2,300 மீட்டருக்கு மேலும் சர்க்கரைவள்ளிதான் சாப்பாடு. நம் உதகை இருக்கும் உயரம் அது. அவ்வப்போது உறைபனி உண்டு, ஆனால் கிடங்கு கிடையாது. தேவைப்படும்போது தோண்டிக்கொள்கிறார்கள், கொடியால் நடுகிறார்கள். கிடங்கு இல்லாமலே குளிரை வென்றுவிட்டார்களே? இவர்கள் வயலிலேயே பெரிய மண்மேடு கட்டி, உள்ளே புல்லையும் பழங்கொடியையும் மக்கவைத்து, அதன் உச்சியில் நடுகிறார்கள். இரவில் குளிர்காற்று மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்துக்குப் போய்விடுவதால் உச்சியில் இருக்கும் கொடி தப்பும். அழகான தந்திரம். ஆனால் 1972-இல் தொடர்ந்து விழுந்த கடும் உறைபனிக்கு மேடு போதவில்லை. லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு அரசு உணவு அனுப்ப வேண்டியிருந்தது. இதை ஆராய்ந்து 1975-இல் எழுதிய எரிக் வாடெல், பழைய உறைபனி ஆண்டுகளில் அம்மக்கள் செய்துவந்ததை விளக்கினார். தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் இருந்த உறவினர்களிடம் இறங்கிப் போய்த் தங்கினார்கள். மேலே நிலம் தேறியதும் திரும்பினார்கள். கருகிய மேட்டுக்குப் புதுக்கொடியும் கீழேயிருந்துதான் ஏற வேண்டும். பனி எட்டாத தாழ்வில் இருந்த மாமன் மைத்துனர் தோட்டமே அவர்களுடைய விதைக்கிடங்கு. அரசு கொடுத்த அரிசி இந்த உறவுப் பாதையைத் தேவையற்றதாக்கிவிடும் என்று வாடெல் கவலைப்பட்டது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பூமி சூடாகி வருகிறது, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. சராசரி வெப்பம் ஏறினாலும் ஓர் இரவு உறைபனி போதும், கொடி கருக. பகலின் நீளமோ எந்த வெப்பத்துக்கும் அசையாது. டொரண்டோவில் இருக்கும் நம்மவர்கள் மெழுகு பூசிய கோஸ்டாரிகா மரவள்ளியைக் கடையில் வாங்கிக்கொள்கிறார்களே, விளைவிக்க என்ன அவசியம் என்பதும் சரியான கேள்விதான். உண்பதற்கு இறக்குமதி போதும். நான் பேசுவது விதையைப் பற்றி.

இதைத் திருப்பிப் போட்டால் நம் நாடு தெரியும். குளிர்நாட்டானுக்குக் குளிர்காலம் எதிரி, நமக்குக் கோடை. உருளை வட இந்தியச் சமவெளியில் குளிர்காலப் பயிர். ஜனவரி, பிப்ரவரியில் தோண்டிய கிழங்கு அடுத்த அக்டோபர் நடவுவரை, 40 டிகிரி வெயிலைத் தாண்டி, உயிரோடு இருக்க வேண்டும். குன்மா உழவன் வெதுவெதுப்பான கிடங்கு கட்டினான்; உத்தரப்பிரதேசமும் வங்காளமும் குளிர்பதனக் கிடங்கு கட்டின. இந்தியக் குளிர்பதனக் கிடங்குகளின் இடத்தில் பெரும்பகுதியை உருளை அடைத்துக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். அதற்கு முன் நோயற்ற விதைக்கு மலைகளையே நம்பியிருந்தார்கள். நோய் பரப்பும் அசுவினி குளிர்ந்த உயரத்தில் குறைவு. 1949-இல் பாட்னாவில் தொடங்கி 1956-இல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தில் புஷ்கர்நாத் காட்டிய வழி, அசுவினி பெருகுவதற்கு முன்பே சமவெளியில் விதைப்பயிரை முடித்துத் தழையை வெட்டிவிடுவது. நீலகிரிக்கு நேர்ந்தது வேறு. உதகைக்கு அருகே முத்தோரையில் 1957-இல் உருளை ஆராய்ச்சி நிலையம் வந்தது. குளிர், உயரம், மழை எல்லாம் இருந்த அந்த மலை தென்னிந்தியாவுக்கே விதைக்களஞ்சியமாகியிருக்கலாம். 1961-இல் அங்கே மண்ணில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு நீலகிரி உருளை விதையாக வெளியே போகத் தடை வந்தது. தட்பவெப்பம் கைகொடுத்தும் விதை சுத்தமாக இல்லாவிட்டால் ஒரு மலை தன் பயனில் பாதியை இழந்துவிடும்.

சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி வட்டாரங்களில் ஜவ்வரிசி ஆலைகளை நம்பி விளையும் மரவள்ளியின் நிலையும் இப்படித்தான். நம் உழவர் பழைய பயிரின் தண்டை நிழலில் நிமிர்த்தி வைத்து, நடவின்போது எட்டுப் பத்துக் கணுவுள்ள துண்டாக நறுக்கி நடுகிறார். வெள்ளை ஈ கொண்டுவரும் தேமல் நோய் அந்தத் தண்டுக்குள்ளேயே அடுத்த பட்டத்துக்குப் பயணம் செய்கிறது. நோய் தாங்கும் ரகம் வந்தால் தீராதா? வந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்களைத் தந்திருக்கிறது. சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு மரவள்ளிச் செடியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் பத்து விதைத்துண்டுதான் கிடைக்கும். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, பத்தாயிரமாவதற்கு நாலு ஆண்டு. அது ஏறத்தாழ இரண்டு ஏக்கருக்குப் போதும். நெல் ரகம் ஒன்று மாநிலம் முழுவதும் பரவும் வேகம் கிழங்குக்குக் கிடையாது. அதனால்தான் சிறு துண்டாக வெட்டி நாற்றங்காலில் முளைக்கவைத்துப் பெருக்கம் கூட்டும் முறையும், அங்கங்கே உழவர்களையே விதைத்தண்டு உற்பத்தியாளர்களாக்கும் ஏற்பாடும் இப்போது நடக்கின்றன. இவற்றை நான் புது ரகத்தைவிடப் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறது. சமவெளியைவிடக் குளிர்ச்சி, வெள்ளை ஈயின் பெருக்கம் குளிர்ந்த உயரங்களில் பொதுவாகக் குறைவு. சமவெளி மரவள்ளிக்கு நோயற்ற விதைத்தண்டை அங்கே எடுக்கலாமா என்று வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் சோதித்துப் பார்ப்பது பயன் தரும். இதற்குள்ள மிகக் கடுமையான மறுப்பு கொல்லிமலையிலிருந்து வருகிறது, அதை நான் எளிதில் தள்ளமாட்டேன். அங்கே ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியபோது சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் சுருங்கின. சரிவில் கிழங்கு தோண்டத் தோண்ட மண் கரைந்தது. சிறுதானியங்களை அங்கே மீட்டெடுக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது. ஜவ்வாது மலையின் சாமை வயல்கள் அப்படிப் போகக் கூடாது. விதைத்தண்டுக்குக் கிழங்கு தோண்டும் வேலையே இரண்டாம்பட்சம். தட்டையான சில ஏக்கர், வேலி, நோய்ச்செடி கண்டதும் பிடுங்க இரண்டு கண், சமவெளி விவசாயியோடு விலை பேசி எழுதிய ஒப்பந்தம், அந்தப் பணம் மலைவாழ் மக்களின் கைக்கே போகும் ஏற்பாடு. இந்த அளவுக்கு மேல் ஒரு ஏக்கர் கூடினாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அந்த மலைக் கிராமங்களிடமே இருக்க வேண்டும்.